புழுவெட்டும் ஒளிச் சிகிச்சையும்

(கோவை ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் உங்களில் ஒருவர், "தலையில் புழுவெட்டு விழுந்த பிள்ளைகளுக்கு ஒளிச் சிகிச்சை இருக்கிறதாமே, அதற்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. கொடுப்பவருக்கு உண்மை தெரிய வேண்டும். ஆகவே தோல் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, பெயர். புழுவெட்டு என்கிறோம், பூச்சிவெட்டு என்பாரும் உண்டு. ஆனால் இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய இரத்த வெள்ளணுக்கள் முடியின் வேரையே தாக்குகின்றன. அதனால் ரூபாய் நாணயம் போல வட்டமாக முடி உதிர்கிறது. இது யாருக்கும் தொற்றாது. பிள்ளைகளின் தலையில் வரும் படை வேறு. அது பூஞ்சையால் வருவது, தொற்றக் கூடியது, மாத்திரையால் குணமாவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை.

இரண்டாவது, ஒளி. டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்ததற்காக 1903-ல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டு வைத்தியர்கள் வெண்புள்ளிக்குக் கொடுத்துவந்த கார்போக அரிசியில் சோராலென் என்னும் பொருள் இருக்கிறது. அதைத் தடவியோ விழுங்கியோ, புற ஊதாக் கதிர் படச் செய்வது 'புவா' சிகிச்சை. விளக்குக்குப் பதிலாக வெயிலைப் பயன்படுத்தினால் அது 'புவாசோல்'. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அளவு தப்பினால் தோல் வெந்து கொப்பளிக்கும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை. பின்னர் வந்தது 308 நானோமீட்டர் எக்சைமர் ஒளி. முடி உதிர்ந்த இடத்தில் மட்டும் படும்படி, வாரம் இரண்டு முறை, பல வாரங்கள் கொடுப்பார்கள்.

மூன்றாவது, பலன். சிறிய வட்டங்கள் பலவற்றில் ஓர் ஆண்டுக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். சின்ன வெங்காயம் தேய்த்தவர் வெங்காயத்தைப் புகழ்வார். விளக்கு வைத்தவர் விளக்கைப் புகழ்வார். இதனால் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரே தலையில் ஒரு வட்டத்துக்கு எக்சைமர் ஒளி கொடுத்து, இன்னொன்றைச் சும்மா விட்டு ஒப்பிட்டார்கள். ஒளி பட்ட வட்டங்கள் சிலவற்றில் முடி வளர்ந்தது, விட்டவற்றில் வளரவில்லை. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். தலை முழுதும் உதிர்ந்தவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. புவாவால் வளர்ந்த முடியும் சிகிச்சையை நிறுத்தியபின் மறுபடி உதிர்வதுண்டு. ஆகவே மருத்துவர்கள் முதலில் நாடுவது களிம்பும், வட்டத்துக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியுமே. கடுமையான நோயுள்ள பெரியவர்களுக்காக பாரிசிட்டினிப் மாத்திரையை அமெரிக்கா 2022-ல் அங்கீகரித்தது. அதுவும் நோயை வேரோடு நீக்குவதில்லை.

அப்படியானால் கருவி வேண்டாமா? வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் 311 நானோமீட்டர் கதிர் நன்றாகப் பயன்படுகிறது. அந்த நோயாளிகளை நினைத்துக் கருவி கொடுப்பது நல்லது. புழுவெட்டுக்கென்று மட்டும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வால்பாறை எஸ்டேட்டிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ ஒரு தாய் வாரம் இரண்டு முறை பிள்ளையோடு வர வேண்டும். பஸ் செலவு உண்டு, அன்றைய கூலி போகும், பிள்ளைக்குப் பள்ளியும் போகும். நாலைந்து வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டால் எந்தக் கருவியும் உதவாது. கருவியின் மேல் கொடுத்தவர் பெயரை எழுதலாம். பஸ் டிக்கெட்டில் எழுத முடியாது. ஆனாலும் சிகிச்சை நிறைவேறுவது அந்த டிக்கெட்டினால்தான்.

காசில்லாமல் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. உங்கள் சபையிலும், ஓய்வுநாள் பள்ளியிலும், தெருவிலும் இது தொற்றாது என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட பிள்ளையை மற்றவர்களோடு சேர்த்து உட்காரவையுங்கள். முடி முளைக்க மாதங்கள் ஆகலாம், முளைக்காமலும் போகலாம். அதுவரை அந்தப் பிள்ளை தனியாக இருக்க வேண்டியதில்லை. நம் தலைமுடியைக்கூடக் கணக்கில் வைத்திருக்கிற ஆண்டவர், முடி உதிர்ந்த தலையையும் அறிந்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களை அழைத்துவரும் தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள்.