ஞாயிற்றுக்கிழமைத் துடுப்பாட்டமும் நடுவர் வேலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தேவாரம் பாடித் தொடங்கிய மேடையிலே மட்டையும் பந்தும் பேசப்படுவதா என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லப்போனால் கிறிக்கெற் நமது வடபகுதியில் வேரூன்றியதே பாதிரிமார் நடத்திய கல்லூரிகளில்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்டத்தை இன்றும் வடக்கின் பெருஞ்சமர் என்று கொண்டாடுகிறார்கள். அங்கே வெள்ளை உடுப்பு, தோற்பந்து, காற்கவசம். விசுவமடுவிலே நமக்கு அறுவடை முடிந்த வயல், ரென்னிஸ் பந்து, சாரத்தை மடித்துக் கட்டிய விக்கெற் காப்பாளர்.

நாம் பேச வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிநேகபூர்வ ஆட்டத்தைப் பற்றியே. சென்ற ஆண்டு அயலில் இரண்டு ஊர் அணிகள் ஒரு ரன் அவுட்டின்மேல் வாய்த்தர்க்கப்பட்டு, பொல்லு எடுக்கும் வரைக்கும் போய்விட்டன. அதன்பின் அவ்விரு ஊர்களும் ஆடவில்லை. “இனி இந்த ஆட்டமே வேண்டாம், ஆடத்தான் வேண்டுமென்றால் காசு கொடுத்து வெளியூர் நடுவரைப் பிடியுங்கள்” என்று பெரியோர் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானதே. ஆயினும் அந்த மருந்தை நாங்கள் ஏற்கவில்லை.

ஆட்டம் நடக்கும் விதத்தைத் தாய்மார்களுக்காகச் சற்று விளக்குகிறோம். துடுப்பெடுத்தாடும் அணியின் ஆள் ஒருவரே நடுவராக நிற்பார். எதிரணிக்கு ஓடித் திரிந்து பந்து பொறுக்கவே பதினொரு பேர் போதாது. சில நாட்களில் ஒன்பது பேருடன் வந்து நம்மிடமே இருவரைக் கடன் கேட்பார்கள். ஆகவே நம்மவன் ஆடும்போது நம்மவனே நடுவர். காலில் பட்ட பந்துக்கு ஆட்டமிழப்பு என்ற விதியை நாம் வைத்ததேயில்லை. வைத்திருந்தால் ஞாயிறு மாலைத் தேநீரைப் பொலிஸ் நிலையத்திலேதான் குடிக்க வேண்டியிருக்கும்! எஞ்சியவை இரண்டே: மயிரிழையில் நிகழும் ரன் அவுட், மட்டையின் விளிம்பில் பட்டும் படாமலும் போகும் பந்து. ரென்னிஸ் பந்து விளிம்பில் பட்டால் சத்தமும் சரியாகக் கேட்காது. அந்த நேரத்தில் சொந்த அண்ணனுக்கு எதிராக விரலை உயர்த்துவது இலேசான காரியமா? (அடுத்து ஆடக் காத்திருப்பவனை நடுவராக நிறுத்தினால் விரல் வெகு இலேசாக உயர்ந்துவிடும் என்பது வேறு கதை.)

பெரிய உலகத்திலும் இந்த வழக்கு நெடுங்காலம் இருந்தது. ரெஸ்ற் ஆட்டங்களில் விருந்தளிக்கும் நாட்டின் நடுவர்களே நின்றார்கள், மனக்கசப்பும் மலிந்தது. 1994 முதல் ஒருவரும், 2002 முதல் இருவரும் பிறநாட்டவராக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். 2020இல் கொரோனா பயணங்களைத் தடுத்தபோது உள்நாட்டு நடுவர்கள் திரும்பவும் வந்தார்கள். எனவே பெரியோர் சொல்வதற்கு ஆதாரமில்லை என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் 1980ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த பொன்விழா ரெஸ்ற் ஆட்டத்தையும் கேளுங்கள். இங்கிலாந்தின் பொப் ரெயிலர் விக்கெற் காப்பாளரிடம் பிடி கொடுத்ததாக நடுவர் விரலை உயர்த்திவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கண்ட இந்திய அணித் தலைவர் விஸ்வநாத், முறையீட்டை மீட்டுக்கொண்டு ரெயிலரைத் திரும்ப அழைத்தார். அந்த ரெயிலர் பொத்தமுடன் சேர்ந்து 171 ஓட்டம் குவித்தார். இந்தியா பத்து விக்கெற்றால் தோற்றது. “தோற்றுத்தானே போனார்?” என்று நம்மூர் ஐயா ஒருவர் கேட்டார். தோற்றார்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் அங்கே நடுவருக்குக் குறைவில்லை, விதியும் மீறப்படவில்லை. நடுவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூலிக்கு வந்த நடுவர் நின்றால் நாங்களும் அப்படித்தான் சும்மா இருப்போம். தப்பினால் இலாபம், அகப்பட்டால் நடுவரைத் திட்டலாம். நம்மவனே நிற்கும்போது அவன் விரலிலே விசுவமடுவின் பெயர் நிற்கிறது.

பெரியோர்களே, இந்த ஆட்டங்களை நிறுத்தினால் எது போகும் என்பதையும் எண்ணவேண்டும். 2009 ஜனவரியில் நமது ஊர் இடம்பெயர்ந்தபோது இன்று ஆடும் பலர் கைக்குழந்தைகள், அல்லது ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். மீளக் குடியேறிய தொடக்கத்தில், பற்றைக்குள் விழுந்த பந்தைத் தேடப் போகாதே, கண்ணிவெடி இருக்கும் என்று தடுத்தவர்கள் நீங்களே. ஒரு பந்து போனால் அன்றைய ஆட்டமும் போயிற்று. தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம், நாம் முல்லைத்தீவு மாவட்டம். கச்சேரிக்குப் போகும் திசை வேறு. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்த அவர்களுடைய இளைஞர்களை நாங்கள் முதலில் அறிந்தது பந்து வீசியபோதுதான். தகப்பனார் எங்கே என்று விசாரிக்கக் கூடாத வீடுகள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆட்டம் முடிந்து கச்சான் கொறித்தபடி வரம்பில் குந்தியிருக்கையில், கேளாமலே சிலர் சொல்லியிருக்கிறார்கள். காசுக்கு நடுவர் வந்தால் அடுத்து நுழைவுக் கட்டணம் வரும், பின்பு கிண்ணம் வரும்; வரம்பில் குந்தியிருக்க எவருக்கும் நேரம் இராது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. காலபோக அறுவடை முடிந்ததும், பகைத்துக்கொண்ட அந்த இரு ஊர் அணிகளையும் விசுவமடுவுக்கு அழைக்க விரும்புகிறோம். அவர்கள் ஆடட்டும், நடுவர் வழக்கம்போல் ஆடும் அணியிலிருந்தே நிற்கட்டும். எங்கள் பையன்கள் கொப்பியில் ஓட்டம் எழுதுவார்கள். பெரியோர் நால்வர் கதிரை போட்டு எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்தால் போதும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பந்து இருக்கிறது, மட்டை இருக்கிறது, தேநீருக்குச் சீனியும் சேர்த்துவிட்டோம். உழவு தொடங்குமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குத் தமது வயலை விட்டுத்தரக்கூடிய ஒருவர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் நலம்.