இரண்டு மாதத்துப் பூஜ்யம்



இன்று பட்டம் பெறும் இளையோரே, உங்களில் பலர் வாரக் கடைசியில் தமிழும் வார நாட்களில் இயற்பியல், பொறியியல், தாதியியல் என்று வேறு வேறு துறைகளும் படித்தவர்கள். இந்த மேடையில் சாதனையாளர்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இதுவரை எதையும் கண்டுபிடிக்காத ஒரு கருவியைப் பற்றி நான் பேசப் போகிறேன். அழைத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

முதலில் பக்கத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மொன்றியலின் இந்தப் பழைய துறைமுகத்திலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே போனால் கொள்கலன் முனையங்கள். அட்லாண்டிக் கடல் 1,600 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் பெட்டிகள் இங்கே கையாளப்படுகின்றன. இறக்குமதிப் பெட்டிகளை எல்லைச் சேவை அதிகாரிகள் கதிர்வீச்சை உணரும் தூண்களுக்கு நடுவே மெதுவாகக் கடக்க வைக்கிறார்கள். யாராவது அணுப்பொருளைக் கடத்துகிறார்களா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. இத்தகைய தூண்களில் மணி அடித்தால், காரணம் பெரும்பாலும் பீங்கான் ஓடு, கிரானைட் பலகை, பூனையின் கழிவுத் தட்டில் போடும் களிமண் போன்ற சாதுவான சரக்குதான். வாழைப்பழத்தில்கூடக் கதிரியக்கப் பொட்டாசியம் உண்டு. அந்த அதிகாரியின் வேலையில் பெரும்பங்கு எது ஆபத்து இல்லை என்று உறுதி செய்வது. புதுத் துகளைத் தேடுபவரின் வேலையும் ஏறக்குறைய இதேதான்.

இந்த ஊர் அந்த வேலையைத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. 1898 முதல் 1907 வரை மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் இயற்பியலாளர் ரதர்ஃபோர்ட். அவருடைய மாணவி ஹாரியட் புரூக்ஸின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கருவிக்குள் வைத்த சுத்தமான தகட்டிலும் கதிரியக்கம் ஒட்டிக்கொள்வதை அவர் கவனித்தார். கருவி அழுக்காகிவிட்டது என்று துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் 1904இல் எழுதி வெளியிட்டார். ரேடியத்திலிருந்து ஏதோ ஆவியாகிறது என்று அன்று விளக்கினார்கள். உண்மைக் காரணம் பிறகுதான் புரிந்தது: ஓர் அணு சிதைந்து ஆல்ஃபாத் துகளை வெளியே தள்ளும்போது, மிஞ்சிய அணுக்கரு எதிர்த்திசையில் தெறித்துப் போய்த் தகட்டில் ஒட்டுகிறது. இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர். 1906இல், திருமண நிச்சயம் ஆனதால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நியூயார்க்கில் அவர் கற்பித்த கல்லூரி சொன்னது. மறுத்து எழுதிவிட்டு, கடைசியில் வேலையை விட்டார். இந்த அரங்கில் இருக்கும் பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த கருவிக்கு வருகிறேன். இந்த ஊர் மலையின் மறுபக்கம் மொன்றியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இயற்பியலாளர் விக்டர் சாசெக் தொடங்கிய குழு கரும்பொருளைத் தேடப் புறப்பட்டது. பிரபஞ்சத்தில் நாம் அறிந்த பொருளைவிட ஐந்து மடங்கு அதிகமாக இருந்தும், ஒளிக்குப் பிடிபடாத பொருள் அது. அதன் துகள் ஒன்று ஓர் அணுக்கருவில் மோதினால் அந்த அணுக்கரு தெறிக்கும். புரூக்ஸ் கண்ட அதே பின்னுதைப்பைத்தான் இங்கும் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது எப்படி? மைக்ரோவேவில் அளவுக்கு மீறிச் சூடான தண்ணீர் சில வேளை கொதிக்காமலே இருக்கும். தேயிலைத் தூள் விழுந்ததும் பொங்கிக் கொட்டும். குளிர்சாதன வாயு வகையைச் சேர்ந்த ஒரு திரவத்தைக் குவார்ட்ஸ் குடுவையில் அடைத்து, அழுத்தத்தைக் குறைத்து, கொதிக்காமல் நிற்கும் அதே நிலையில் நிறுத்தி வைக்கிறார்கள். அணுக்கரு ஒன்று தெறித்தால் ஒரே ஒரு குமிழி கிளம்பும். கேமரா படம் எடுக்கும். உடனே அழுத்தத்தை ஏற்றிக் குமிழியை அமுக்கிவிட்டு மறுபடி காத்திருப்பார்கள். வெப்பமும் அழுத்தமும் சரியாக அமைந்தால் காமா கதிரும் எலக்ட்ரானும் குமிழி எழுப்புவது மிக அரிது. நியூட்ரான் பல இடத்தில் மோதுவதால் பெரும்பாலும் இரண்டு மூன்று குமிழிகள் விட்டுப் போகும். கரும்பொருள் ஒன்றுக்கு மேல் விடாது. ஆல்ஃபாத் துகளும் ஒரே குமிழிதான் விடும், அங்கேதான் சிக்கல். 2008இல் மொன்றியல் குழு அங்கம் வகித்த பிகாசோ ஆய்வு இதற்கு வழி கண்டது. குமிழி வெடிக்கும் சத்தத்தைக் கேட்டார்கள். ஆல்ஃபாவின் சத்தம் பெரிது.

பிறகு இந்தக் குழுவும் அமெரிக்கக் குழு ஒன்றும் சேர்ந்து பிகோ ஆனது. சட்பரி அருகே இரண்டு கிலோமீட்டர் ஆழத்துச் சுரங்க ஆய்வுக்கூடத்தில் கருவி இருக்கிறது. தொடக்க ஓட்டங்களில் கரும்பொருள் போலவே தோன்றிய குமிழிகள் வந்தன. உலகத்தைக் கூட்டி அறிவித்திருந்தால் அன்று மாலையே தொலைக்காட்சியில் வந்திருப்பார்கள். ஆனால் அவை காலத்தில் சீராகப் பரவாமல் கொத்துக் கொத்தாக வந்தன. தோண்டிப் பார்த்தபோது சந்தேகம் திரவத்தில் மிதந்த நுண்துகள்களின் மேல், அதாவது தூசியின் மேல், விழுந்தது. கருவியைச் சுத்தம் செய்து, 52 கிலோ திரவத்தோடு மறுபடி ஓட்டினார்கள். 2017இல் வெளியிட்ட முடிவு: கரும்பொருள் போலத் தோன்றும் குமிழி ஒன்றுகூட இல்லை. எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் மரியாதை.

நம் ஊர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு பூஜ்யம் உண்டு. கோலார் தங்க வயலில் வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கங்களில், 1951 முதல் இயற்பியலாளர் ஸ்ரீகண்டன் விண்ணிலிருந்து வரும் மியூவான் என்ற துகள்களை எண்ணினார். தரைமட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் வினாடிக்கு ஒன்றிரண்டு மியூவான் விழுந்துகொண்டே இருக்கிறது. இப்போதும் உங்கள் தலைவழியே போகிறது. ஆழம் போகப் போகக் குறைந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு குழு ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட விழவில்லை. வேறொருவர் கருவி கெட்டுவிட்டது என்று மூட்டை கட்டியிருப்பார். சத்தமே இல்லாத இடம் கிடைத்துவிட்டது, இங்கே எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்கலாம் என்று இவர்கள் நினைத்தார்கள். 1965இல், ஜப்பானிய, பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதலில் வெளியிட்டவர்கள் ஆனார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அதற்கு வாரிசாகத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றே சொன்னது. 50,000 டன் இரும்புக் கருவிக்குப் பதில் மதுரையில் 85 டன் மாதிரி மட்டும் நிற்கிறது. நியூட்ரினோ கெடுதல் செய்யும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் மலையைக் குடைவதைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு முதல் நாளிலேயே அவர்கள் மொழியில், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இன்று தமிழில் பட்டம் வாங்குகிறீர்கள். அந்த வேலைக்கு ஆள் தேவை.

சட்பரியில் பிகோவின் அடுத்த, இன்னும் பெரிய கருவிக்கான வேலை நடக்கிறது. உங்களில் யாராவது அங்கே போகலாம். எங்கே போனாலும், ஆய்வேட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுத நேர்ந்தால், வெட்கப்பட்டு அதைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காதீர்கள். எவ்வளவு நாள் பார்த்தீர்கள், எவ்வளவு நுட்பமாகப் பார்த்தீர்கள், எதையெல்லாம் விலக்கினீர்கள் என்ற எண்களோடு முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.