நந்தன் பாட்டை யார் பாடினார்?
(தோட்டக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



திருவிழா இரவுகளில் நந்தன் நாடகம் பார்த்துக் கண்ணீர் வடித்தவர்கள் நாம். அந்தக் கதையைச் சொன்னவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோமா?

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். தோல் உள்ளே போயிற்று; கொடுத்தவர் வெளியே நின்றார். தில்லையில் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே சென்றார். பிறந்த உடம்போடு வழியில்லை!

அங்கே பண்ணையார் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தாம் தம் கீர்த்தனையில் வேதியர் ஒருவரைப் பண்ணையாராக்கினார். சிதம்பரம் போக நந்தன் விடை கேட்கிறான். 40 வேலி நிலத்தின் வேலையும் முடியட்டும் என்கிறார் ஆண்டை. தெய்வம் ஒரே இரவில் முடித்துக் கொடுக்கிறது. நந்தன் தப்பினான். சேரியில் மற்றவர்களுக்கு மறுநாளும் அதே வயல், அதே ஆண்டை.

இன்னொன்று. நந்தனார் பாடிய பாட்டென்று திருமுறைகளில் ஒன்றுகூட இல்லை. நாம் கேட்பதெல்லாம் பிறர் அவர் வாயில் வைத்த சொல்.

தோழர்களே, நான் பக்தியைப் பழிக்க வரவில்லை. செக்குரோலில் உங்கள் பெயரையும் வேலை நாளையும் எழுதியவன் நான். நீங்கள் சொன்னதை எழுத அதில் இடமே கிடையாது. சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் இடம் இருக்கிறது. எழுந்து பேசுங்கள், நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.