ஜீப்பில் இருக்க வேண்டிய கைக்கருவிகள்

[மலைக் கிராமங்களுக்குச் செல்லும் ஜீப்பு ஓட்டுநர்களுக்கும் ஊராட்சி ஒன்றியப் பணியாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.]

கிராம வளர்ச்சிப் பணியும் ஜீப்பு வண்டியும் இந்நாட்டில் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின், வட்டார அலுவலகம் என்றதும் மக்கள் நினைவுக்கு வந்தது வாயிலில் நிற்கும் ஜீப்புதான். இன்று பேருந்து செல்லும் சாலைகள் பெருகிவிட்டன. ஆயினும் மலைமேல் உள்ள சிற்றூர்கள் சிலவற்றுக்கு இன்னும் மண் பாதையே வழி. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டியன்றி வேறெதுவும் அங்கே ஏறுவதில்லை.

அத்தகைய பாதையில் வண்டி நின்றுவிட்டால் நேரும் இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. கிராம சபை நாளன்று ஒரு நாள் கூலியை விட்டு, நம் வருகையை எதிர்பார்த்துக் காத்திருப்போர் வீணே கலைந்து செல்வர். மலையிலிருந்து இறங்கும் வேளையில், பிரசவ வேதனையில் உள்ள பெண் ஒருத்தியை ஏற்றிச் செல்லுமாறு ஊரார் வேண்டினால் நாம் மறுப்போமா? அவ்வேளையில் வண்டி பழுதுற்று, “நட்டைக் கழற்ற ஸ்பானர் இல்லை” என்று கூறுவது விடையாகுமா? கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். மலை மடிப்புகளில் அது பேசாத இடங்கள் பல. பேசினாலும் நகரத்து மெக்கானிக் வந்து சேர அரை நாள் கழிந்துவிடும்.

முன்னாளில் மாட்டுவண்டி ஓட்டியவர் தாம்புக் கயிறும் வண்டி மையும் மாற்றுக் கடையாணியும் இன்றி நெடுவழி புறப்பட்டதில்லை. வண்டிக்கு என்ன நேரும் என்பதும், அதற்கு எது வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவையே ஜீப்புக்கும் நாம் பயன்படுத்த வேண்டும்.

வண்டியைப் பார்த்துப் பட்டியல் எழுதுக

நூறு உருப்படிகள் அடங்கிய கருவிப் பெட்டிகள் நகரக் கடைகளில் பளபளக்கின்றன. அவற்றுள் பலவும் நம் வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தா. ஆதலின் கடைக்குச் செல்லுமுன் வண்டியை நிழலில் நிறுத்தி, சக்கரம், பாட்டரி முனை, விசிறிப் பட்டை, ஸ்பிரிங் போல்ட்டு ஆகியவற்றின் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்க. அத்தாளே நமக்கு உரிய பட்டியல்.

இக்கால வண்டிகளில் 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளே மிகுதி. பழைய வில்லீஸ் வகை ஜீப்புகளில் அங்குல அளவு காணப்படும். இரண்டையும் கலப்பது தீங்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். ஆதலின் அந்த நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால் துருப்பிடித்து இறுகிய நட்டில் அழுத்தம் கொடுத்தால், அது வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்ற எந்த ஸ்பானரும் உதவாது.

வாய் திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களையே பற்றுகிறது. ரிங் ஸ்பானரோ சுற்றிலும் பற்றுகிறது. இறுகிய நட்டுகளுக்கு ரிங் ஸ்பானரே ஏற்றது. குழாய்க்கு அருகே இடுக்கில் உள்ளவற்றுக்கு மட்டும் மற்றதைக் கொள்க. மட்டமான இரும்பில் செய்த ஸ்பானரின் வாய் விரிந்துவிடும். குரோம் வனேடியம் எஃகில் செய்த ஆறு ஸ்பானர்கள், மலிவான இருபதைவிடச் சிறந்தவை. அலுவலகப் பணம் குறைவு என்பதே நல்லதாகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமாக வேண்டும்.

ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வழியில் நேரக்கூடிய எப்பழுதுக்கு இது உதவும்? இந்த வண்டிக்கு இது பொருந்துகிறதா? இதில் பயணம் செய்வோருக்கு இதனைப் பயன்படுத்தத் தெரியுமா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் மட்டுமே அது பெட்டிக்குள் செல்லலாம். இல்லையேல் அது வெறும் சுமை.

சக்கரத்துக்கு உரியவை

வழியில் மிகுதியாக நேரும் தொல்லை சக்கரத்தினால்தான். அதற்கு ஜாக்கி, வீல் ஸ்பானர், பலகை, முட்டுக்கட்டைகள், காற்றளவு பார்க்கும் கருவி, பம்பு ஆகிய ஆறும் வேண்டும்.

பலகை எதற்கு என்று சிலர் எண்ணலாம். சென்ற மழைக்காலத்தில் எங்கள் வட்டாரத்துக்கு வந்த வாடகை வண்டி ஒன்றில் ஜாக்கியும் ஸ்டெப்னியும் குறைவின்றி இருந்தன. ஆனால் ஈர மண்ணில் ஜாக்கியின் அடி புதைந்ததே தவிர, வண்டி ஓர் அங்குலமும் உயரவில்லை. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் மாட்டுக் கொட்டகையில் கிடந்த பலகைத் துண்டைக் கொணர்ந்து ஜாக்கியின் அடியில் வைத்தார். சிறிது நேரத்தில் வேலை முடிந்தது. ஓர் அடிச் சதுரமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள கெட்டிப் பலகை ஒன்றை எப்பொழுதும் வண்டியில் வைத்திருங்கள்.

முட்டுக்கட்டையின் அருமையைத் தேர்த் திருவிழா கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எவ்வளவு பெரிய தேரையும் அக்கட்டையே நிறுத்துகிறது. சரிவில் வண்டியைத் தூக்குமுன், மாற்றப்படாத சக்கரங்களுக்கு இரு புறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். கைப் பிரேக்கை மட்டும் நம்பலாகாது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பின்னரே வண்டியைத் தூக்க வேண்டும். தூக்கிய பின் பலங்கொண்டு இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியக்கூடும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் கிடத்திவைப்பது நன்று. ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி தரை மட்டத்துக்கு வீழாது. ஜாக்கி மட்டுமே தாங்கும் வண்டியின் கீழ் ஒருவரும் தலையை நீட்டலாகாது. இவ்விதிக்கு விலக்கே இல்லை.

பழைய வில்லீஸ் ஜீப்புகள் பலவற்றில் இடப்புறச் சக்கரங்களின் நட்டுகள் எதிர்ப்புரி உடையவை. கடிகார முள் செல்லும் திசையில் சுழற்றினால்தான் அவை கழலும். அதை அறியாதவர் மாறாக முறுக்கி போல்ட்டையே முறித்துவிடுவர்.

இக்காலத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. டயர்க் கடையில் காற்றுவிசைக் கருவியால் முடுக்கிய நட்டுகள் கை ஸ்பானருக்கு இளகுவதில்லை. ஆதலின் கடையிலிருந்து வந்தவுடன் நம் வண்டியில் உள்ள ஸ்பானராலேயே அவற்றைத் தளர்த்தி, மீண்டும் எதிரெதிராக முடுக்கிவைக்க வேண்டும். ஸ்பானரின் கைப்பிடியில் செருகுவதற்கு இரண்டடி நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்று இருந்தால், வலிமை குறைந்தவரும் நட்டைக் கழற்றலாம். டியூப் இல்லாத டயராயின், துளையை அடைக்கும் ஊசியும் ரப்பர்த் திரியும் சேர்த்துக்கொள்க.

சேற்றுக்கும் மணலுக்கும் உரியவை

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லீஸ் ஜீப்பின் இடப்புறத்தில் ஒரு மண்வெட்டியும் ஒரு கோடரியும் வெளியிலேயே வாரினால் கட்டப்பட்டிருந்தன. புதைந்த வண்டியை வெளிக்கொணர முதலில் வேண்டுவது மண்வெட்டி என்பதை அதை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தனர். நாமும் ஒரு மண்வெட்டி, பாதையில் சாய்ந்த கிளையை வெட்ட ஓர் அரிவாள், பாறையைப் புரட்ட ஒரு கடப்பாரை ஆகியவற்றைக் கொள்ள வேண்டும். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கியதுமே இறங்கி மண்ணை வெட்டி, கல்லும் கிளையும் பரப்புவதே முறை. மேலும் மேலும் விசையை அழுத்தினால் குழி ஆழமாகுமே ஒழியப் பயனில்லை.

மணலில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயர் பரந்து பற்றும். ஆனால் காற்றளவுக் கருவியும் பம்பும் இல்லாதவர் இதனைச் செய்யலாகாது. காற்றுக் குறைந்த டயரில் சாலையில் விரைந்து ஓடினால் அது சூடேறிக் கெடும்.

இனி வடத்தைப் பற்றி ஒரு சொல். வண்டி சிக்கிக்கொண்டால் ஊர் மக்கள் திரண்டு வந்து உதவுகின்றனர். சிறுவர்களும் வேடிக்கை பார்க்கச் சூழ்ந்துகொள்கின்றனர். மற்றொரு வண்டியால் இழுக்கும்போது வடம் அறுந்தால், அது சாட்டைபோல் சுழன்று கண்ணையும் காலையும் கெடுக்கும், உயிரையும் போக்கும். நைந்த கயிற்றை இன்றே கழித்துவிடுங்கள். வண்டியின் எடையைத் தாங்கும் வடத்தை வாங்கி, அடிச்சட்டத்தில் உள்ள கொக்கியிலேயே மாட்டுங்கள். பம்பரில் கட்டலாகாது. வடத்தின் நடுவே ஈரச் சாக்கைப் போர்த்தினால், அறுந்தாலும் அதன் வேகம் தணியும். வடத்தின் நீளத்தைக் காட்டிலும் அதிக தூரத்துக்கு அனைவரையும் விலக்கிய பின்னரே இழுக்கத் தொடங்க வேண்டும். நமக்கு உதவ வந்தவர்க்கு ஊறு நேராமல் காப்பது நம் கடமை.

என்ஜினுக்கு உரியவை

இங்கே சிறு கருவிகளே போதும்: இரு வகைத் திருப்புளிகள், கட்டிங் பிளேயர், சிறு சுத்தியல், கம்பி, இன்சுலேஷன் டேப், கைவிளக்கு. இவற்றுடன் மாற்று விசிறிப் பட்டை, ரேடியேட்டர் குழாய்க்கு உரிய இறுக்கி, அதே ஆம்பியர் அளவுள்ள மாற்று பியூஸ்கள், ஐந்து லிட்டர் நீர் ஆகியவற்றை வைத்துக்கொள்க. பியூஸ் போனால் அவ்விடத்தில் கம்பியைச் சுற்றுவது வண்டியைத் தீக்கிரையாக்கும் வழி.

பாட்டரியைக் கழற்றும்போது, வண்டியின் உடலோடு இணைந்த எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். மாறாகச் செய்தால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி எழும்.

எதைத் தொடலாகாது என்பதையும் அறிய வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. பழைய டீசல் என்ஜின்களில் காற்று அடைப்பை நீக்க ஸ்பானரே போதுமானதாயிருந்தது. இன்றைய காமன் ரெயில் என்ஜின்களிலோ எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. என்ஜின் ஓடும்போது அக்குழாயைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். அதனை வழியில் தொடாமல், பணிமனைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

வைக்கும் முறை

கருவி இருப்பது மட்டும் போதாது. இருட்டிலும் கைக்குக் கிட்ட வேண்டும். தடித்த கித்தான் துணியில் அறைகள் தைத்து, ஸ்பானர்களை அளவு வரிசையில் செருகிச் சுருட்டிவைத்தால், ஒன்று குறைந்தாலும் உடனே தெரியும். எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து வைத்தால் துரு அணுகாது. கடப்பாரையும் ஜாக்கியும் வாரினால் இறுகக் கட்டப்பட வேண்டும். வண்டி குலுங்கிக் கவிழ நேர்ந்தால், கட்டாத கருவியே உள்ளிருப்போரைத் தாக்கும்.

மாதந்தோறும் முதல் வேலை நாளில், பதிவேட்டை வைத்துக்கொண்டு கருவிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும், அலுவலக வாயிலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். இதனை ஓட்டுநர் மட்டும் செய்தால் போதாது. விரிவாக்க அலுவலர்களும் பொறியாளர்களும், மகளிர் அலுவலர்கள் உட்பட அனைவரும் தம் கையால் செய்து பழக வேண்டும். மலைப் பாதையில் ஓட்டுநருக்கே உடல்நலம் குன்றினால், மற்றவர் கைகட்டி நிற்கும் நிலை நேரலாகாது.

நண்பர்களே! நாம் கூறிய கருவிகள் அனைத்தும் ஒரு பெட்டியிலும் ஒரு சுருளிலும் அடங்கிவிடும். பெருஞ்செலவும் இல்லை. ஓட்டுநர் ஒவ்வொருவரும் இவ்வாரத்துக்குள் தம் வண்டியின் நட்டுகளை அளந்து பட்டியல் ஒன்றை எழுதித் தருமாறும், அலுவலர்கள் அதனைத் தாமதமின்றி வாங்கி அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். வருகிறோம் என்று சொல்லிய நாளில் மலைமேல் உள்ள ஊருக்குப் போய்ச் சேர்வதே நம் சொல்லுக்கு மதிப்பைத் தரும். அதற்கான ஆயத்தத்தை மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிடுவோமாக.