பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்



தங்கள் இல்லத்திலோ ஊர் நூலகத்திலோ சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்று இருக்கக்கூடும். அதனைப் பழைய சாமான் கடையில் போடுமுன் நான் கூறுவதைச் சற்றுச் செவிமடுக்க வேண்டுகிறேன்.

கணினியின் திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி முதலிய யாவற்றையும் ஒருங்கே நடத்தி வைப்பது இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளாகும். பல கணினிகளில் உள்ள விண்டோஸ் 10 என்பதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. சக்கரமும் அச்சும் திடமாயிருக்கும் வண்டியை, மாடு கிழமாயிற்று என்பதற்காக விறகுக்கு உடைப்பாருண்டோ?

மாற்று மாடு உண்டு. அதன் பெயர் லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கியதை உலகெங்குமுள்ள பலர் கூடி வளர்த்தனர். இதற்கு விலையில்லை. அதைவிட முக்கியம், இதனைப் படியெடுத்துப் பிறருக்கு அளிக்க நமக்குச் சட்டப்படி உரிமையுண்டு. ஒரு பிரதி ஊர் முழுவதற்கும் போதும். அண்டையிலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டே இயங்குகின்றன.

நெல்லைப் போல லினக்ஸிலும் ரகங்கள் பல. கணினி தெரிந்த இளைஞரைக் கேட்டால், தமக்குப் பிடித்த கடினமான ரகத்தையே புகழ்வார்! புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் பட்டியலும் சாளரங்களும் அந்நியமாகத் தோன்றா. கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸும், இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸும் அதனுடனேயே வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். நினைவகம் 4 ஜிபி இருந்தால் நலம். அதற்குக் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு ஏற்றது.

விதையை முளைப்புப் பார்த்து விதைப்பது போல, இதனையும் நிறுவுமுன் சோதிக்கலாம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறி அச்சிடுகிறதா? வைஃபை இணைகிறதா? தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா? நாள்தோறும் அக்கணினியின் முன் அமர்பவரே தம் சொந்த வேலையைச் செய்து பார்த்தல் வேண்டும். பிடிக்காவிடில் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழைய இயங்குதளம் இருந்தபடியே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில கணக்கு மென்பொருள்கள் இதில் நேரே இயங்கமாட்டா. டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தைப் பயன்படுத்துவோர் அதற்குரிய லினக்ஸ் மென்பொருள் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்தறிதல் அவசியம். அவ்வாறான வேலை இருப்பின், நிறுவும்போது இரு இயங்குதளங்களையும் அருகருகே வைக்கும் முறையைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸை அவ்வேலைக்கு மட்டும் திறப்பது நன்று. வட்டு முழுவதையும் அழிக்கும் முறையும் அங்கேயே காட்டப்படும். அதனை அழுத்தினால் உள்ளிருக்கும் ஆவணங்கள் யாவும் போய்விடும். ஆதலால் நிலப்பத்திரப் படிகள், புகைப்படங்கள், கணக்குகள் ஆகியவற்றை முதல் நாளே வேறொரு வட்டில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டே நிறுவத் தொடங்குங்கள்.