குளிசை பயன் தராதபோது



அரசினர் பாடசாலையொன்றின் அதிபர், அதிலும் கலைப் பட்டதாரி, மருத்துவப் பொருளொன்றைப் பற்றிப் பேச வருவது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். பொருள் இன்னதென்று அறிந்தால் அவ்வியப்பு இன்னும் மிகும். நடுவயதைக் கடந்த ஆடவர் பலருக்கு நேரும் விறைப்புக் குறைபாட்டைப் பற்றியும், அதற்கென உண்ணும் குளிசை பலிக்காதவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பது பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன். பிள்ளைகள் அருகிலிருக்கிறார்களே என்று வானொலியை நிறுத்த எழுவோர் சற்று அமர்க. கூசத்தக்க சொல் ஒன்றும் இதில் வாராது.

என்னை இதற்குத் தூண்டியவர் ஒரு நண்பர். அவர் பெயரையும் தொழிலையும் சொல்லமாட்டேன். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். ஒருநாள் மாலை சிலாவத்துறைக் கடற்கரையில் நாங்கள் உலாவிக்கொண்டிருந்தபோது, கடலைப் பார்த்தபடியே, "அதிபர், அந்தக் குளிசையும் என்னைக் கைவிட்டுவிட்டது" என்றார். எந்தக் குளிசை என்று நான் கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டாமல் வெளியூர்க் கடையொன்றில் வாங்கியதென்றும், ஒன்று பலிக்காமற்போகவே இரண்டாக உண்டு தலைசுற்றி விழுந்ததாகவும் அவரே பின்னர் சொன்னார்.

எங்கள் கரை ஒருகாலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கரை. முத்தைப் புடமிட்டுப் பற்பமாக்கி உண்டால் இழந்த ஆண்மை மீளும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. முத்தோ பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதைத் தாங்கிய சிப்பியின் ஓடும் அதுவே. செல்வர் உண்டதற்கும் கரையிற் குவித்து எறிந்ததற்கும் இரசாயனத்தில் வேறுபாடு சிறிதே. இக்காலத்து லேகியங்களின் கதை வேறு. முற்றிலும் மூலிகை என்று விற்கப்படுபவை சிலவற்றைப் பரிசோதித்தபோது, நான் சொன்ன அதே குளிசையின் மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருக்கக் கண்டிருக்கிறார்கள். இருதய நோய்க்காக நைத்திரேற்று மருந்து எடுப்பவர் அதனை அறியாது உண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே இறுதியாகலாம்.

சில்டெனாபில் என்னும் அக்குளிசை, நெஞ்சு நோவுக்கென்று ஆராயப்பட்டு, வேறொன்றுக்குப் பயன்படுவது காணப்பட்டு, 1998ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வேலை செய்யும் விதத்தை எங்கள் முசலிப் பகுதி விவசாயிக்கு விளக்குவது எளிது. அகத்திமுறிப்புக் குளத்தில் நீர் இருக்கிறது. துருசைத் திறப்பவன் திறந்தால் வாய்க்காலில் நீர் பாயும். வாய்க்காலின் கரை உடைந்து பாய்ந்த நீர் வீணாகாமற் காப்பதே குளிசையின் தொழில். துருசைத் திறப்பது நரம்பு. அது வெளிவிடும் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவே திறவுகோல். நீரிழிவால் நரம்பு பழுதுற்றவர்க்கும், புரோஸ்டேட் சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்தபோது நரம்பு அறுபட்டவர்க்கும் துருசே திறப்பதில்லை. திறக்காத துருசுக்குக் கீழே கரையை எத்தனை முறை உயர்த்திக் கட்டினாலென்ன?

ஆயினும், பலிக்கவில்லை என்று சொல்வோரிற் பலருக்குக் குளிசையன்று, அதனை உண்ட முறையே தவறு. கொழுப்பு மிக்க விருந்துண்டபின் சில்டெனாபில் எடுத்தால் அது இரத்தத்திற் சேரத் தாமதமாகும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்கவேண்டும். எடுத்துவிட்டுச் சும்மா படுத்திருந்தால் ஒன்றும் நிகழாது. விருப்பமும் நெருக்கமும் இருந்தாலன்றி அம்மருந்து வேலை செய்வதில்லை. மருத்துவர் குறித்த அளவில் ஆறேழு தடவையேனும் முயன்ற பின்னரே பலிக்கவில்லை என்று முடிவு கூறலாம். காலையில் இரத்தம் எடுத்துத் தெஸ்தொஸ்தரோன் என்னும் ஓமோனின் அளவையும் பார்ப்பார்கள். அது குறைந்திருந்து ஈடுசெய்யப்பட்டால், பலிக்காத குளிசை பலிப்பதுமுண்டு.

இவையெல்லாம் பார்த்த பின்னும் பயனில்லையாயின், வேறு வழிகள் உள. துருசைத் திறப்பவனைக் காத்திராமல் துருசையே நேரே திறப்பது ஊசிமருந்து. பாரிசு நகரத்து வைத்தியர் வீராக் 1982இல் பப்பவெரின் என்னும் மருந்தால் இது இயலுமென்று எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய மருத்துவர் சபையில் பிரித்தானிய அறிஞர் கைல்ஸ் பிரின்ட்லி தம் உடம்பிலேயே ஊசியேற்றிக்கொண்டு வந்து, ஐயுற்றோர் முன்னே தம்மையே சான்றாகக் காட்டினார். சபையில் பெண்களும் இருந்தனராம். கண்ணியம் தவறியவர் என்று அவரை ஏசினோர் உண்டு; அவர் காட்டியதை அதன்பின் எவரும் மறுக்கவில்லை. இன்று இதற்குப் பெரிதும் பயன்படுவது அல்புரொஸ்டடில். மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் ஏற்றுவார்கள். சில நிமிடங்களிற் பயன் தெரியும். முதல் அளவை மருத்துவர் முன்னிலையிலேயே எடுக்கவேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நாணத்தை விட்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். காத்திருந்தால் தசை நிரந்தரமாகப் பழுதுறும்.

ஊசிக்கு அஞ்சுவோர்க்கு வெற்றிடக் கருவி உண்டு. குழாயொன்றைப் பொருத்திக் காற்றை வெளியே இழுத்தால் இரத்தம் உள்ளே வரும். அடியில் ஒரு வளையமிட்டு அதனை நிறுத்துவார்கள். வளையம் அரைமணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. அமெரிக்காவில் இதனைப் பரப்பிய ஒஸ்பன் என்பார் மருத்துவரல்லர், டயர்த் தொழிலில் இருந்தவர். தம் குறைக்காகத் தாமே செய்துகொண்டார். காற்றின் இயல்பறிந்தவர் போலும்.

இறுதி வழி சத்திரசிகிச்சை. காற்றூதுவதுபோல் திரவம் நிரப்பும் செயற்கைத் தண்டுகளை 1973இல் அமெரிக்க மருத்துவர் பிரான்ட்லி ஸ்கொட் அறிவித்தார். விலை மிகுதி. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வகுத்த, வளைத்து நிமிர்த்தத்தக்க தண்டு அதனினும் மலிவானது. தண்டு வைத்தபின் இயற்கையான விறைப்புக்கு மீளமுடியாது. நீரிழிவு கட்டுப்படாதவர்க்குக் கிருமித் தொற்று அபாயமும் உண்டு. ஆதலால் அவசரப்படத்தக்க வழியன்று.

என் நண்பரை நான் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம் வைத்தியர் குளிசையைப் பற்றிக் கேட்குமுன், "படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா?" என்று கேட்டார். இறுகுவதுண்டு, வாயு என்று எண்ணியிருந்தேன் என்றார் நண்பர். உறுப்புக்குச் செல்லும் நாடி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமே உடையது. இருதயத்தின் நாடிகள் அதனினும் அகன்றவை. ஆகவே அடைப்பு முதலில் அங்கே தெரிந்து, சில ஆண்டுகள் கழித்து மார்பில் தெரிவதுண்டாம். மேற்பரிசோதனைக்குக் கொழும்பு சென்றபோது இருதய நாடியில் அடைப்பு காணப்பட்டது. சிகிச்சை நடந்தது. நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசை அவர் சட்டைப்பையில் இப்போது எந்நேரமும் இருக்கிறது. ஆதலால் அவர் இரட்டித்து உண்ட அந்தப் பழைய குளிசை, பலித்தாலும் பலிக்காவிட்டாலும், இனி அவருக்கு விலக்கு.

அடுத்த முறை மனைவியையும் அழைத்து வரும்படி வைத்தியர் சொன்னார். நண்பருக்குச் சம்மதமில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். இறுதியில் அந்த அம்மையார் வந்து வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவருக்கு என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்றல்லவா மூன்று வருடமாக நினைத்திருந்தேன்" என்றாராம். இதனை என்னிடம் சொல்லும்போது நண்பரின் குரல் தழுதழுத்தது. வெற்றிடக் கருவியைத் தெரிந்தெடுத்தவர் அம்மையாரே. பிள்ளைகள் கண்ணிற்படாமல் அதனைத் தையல் இயந்திரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார் என்று கேள்வி.