மலை மாவட்டமும் மக்கள் கணக்கும்

(வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், நீலகிரி மாவட்ட நிர்வாகம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்க கையில் இருக்கிற அலைபேசியை ஒரு நிமிஷம் பாருங்க. பட்டா விவரம் பார்க்கணுமா, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கணுமா, அதிலேயே முடியுது. ஆனா நீலகிரியில், அரசு அலுவலகம் மலையேறி மக்கள் பக்கத்தில் வந்து சேரவே பல தலைமுறை ஆச்சு.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு இந்த மலை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அப்போது இது தனி மாவட்டம் இல்லை; கோயம்புத்தூரோடு சேர்ந்திருந்தது. 1830-ல் மலையின் பெரும்பகுதியை மலபாரோடு சேர்த்தார்கள். 1843-ல் மறுபடியும் கோவைக்கே வந்தது. குந்தா பகுதி மட்டும் 1860 வரை மலபாரில் இருந்தது. ஊர் அதே இடத்தில்தான் இருந்தது, கச்சேரிதான் மாறிக்கிட்டே இருந்தது.

1868-ல்தான் நீலகிரிக்கென்று தனி ஆணையர் வந்தார். ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் முதல் ஆணையர். 1877-ல் இன்றைய கூடலூர், பந்தலூர் பக்கம் உள்ள தென்கிழக்கு வயநாடு சேர்ந்தது. 1882-ல் ஆணையர் பதவி கலெக்டர் பதவியானது. இன்று உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் இருக்கு.

இப்ப மக்கள் கணக்குக்கு வருவோம். 2001-ல் மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருஷத்தில் 26,747 பேர் குறைஞ்சிருக்காங்க. அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போனப்ப, பிள்ளைகள் வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினதை நாங்க கண்ணால் பார்த்தோம்.

அந்த ஏழு லட்சம் பேரும் ஒரே மாதிரி வாழ்பவர்கள் இல்லை. படகர்களின் ஹட்டி, தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்புகள் என்று எல்லாம் இந்த மலையில் இருக்கு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பழங்குடியினரும் இங்கே வாழ்கிறார்கள். இவர்களில் பலருடைய வீட்டுக்குக் கதவு எண்கூடக் கிடையாது. பதிவேட்டில் விட்டுப்போவது முதலில் இவங்க பெயர்தான்.

நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். பழங்குடி அம்மா ஒருத்தர், மகளின் சாதிச் சான்றிதழுக்காக மூணாவது தடவை வந்து நின்னாங்க. பழங்குடியினர் சான்றிதழைத் தருவது கோட்டாட்சியர். ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம். கணினியில் பார்த்தால், சான்றிதழ் தயாராகி ஒன்றரை மாசம் ஆகியிருந்தது! விண்ணப்பத்தில் யாரோ தங்கள் அலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். குறுஞ்செய்தி அங்கே போயிடுச்சு, இந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அதற்குள் விடுதிச் சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிஞ்சுபோச்சு. அன்றைக்கு அந்தப் பொண்ணு முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரலை.

தூரம் குறைஞ்சிருக்கு, ஆனா எல்லாருக்கும் குறையலை. அதனால் உங்களிடம் மூணு விஷயம் கேட்டுக்கறேன்.

முதலாவது, இ-சேவை மையத்தில் கேன் எண் பதியும்போது உங்க சொந்த அலைபேசி எண்ணையே கொடுங்க. எண் மாறினால் உடனே திருத்துங்க. ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து வெச்சுக்கோங்க.

இரண்டாவது, பட்டா விவரத்தை இணையத்தில் ஒருதடவை சரிபாருங்க. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்க. கூடலூர் பக்கம் ஜென்ம நிலங்கள் சிலவற்றுக்கு, 1969 சட்டத்துக்குப் பிறகும் தீர்வு வரவில்லை. அங்கே திரையில் உங்க பெயர் வராவிட்டால் அது உங்க தவறு என்று நினைக்காதீங்க. ஆவணங்களோடு வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகுங்க.

மூணாவது, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. விவரங்களை நாமே இணையத்தில் பதியும் வசதி இதில் உண்டு. உங்க வீட்டுக் கணக்கை முடிச்ச பிறகு, அலைபேசி இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "உங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தாங்களா?" என்று கேளுங்க. கணக்கெடுப்பு என்று சொல்லி வங்கி விவரமோ பணமோ யாராவது கேட்டால் கொடுக்காதீங்க.

பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை எல்லாமே அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. கணக்கில் ஒரு குடும்பம் விட்டுப்போனால், அரசின் பார்வையில் அந்தக் குடும்பம் மலையில் இல்லை என்றே ஆகிவிடும். அப்படி ஒரு வீடும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள உங்க அலைபேசியால் முடியும்.